தென்னந்தீவின் 261 வாக்குகள்

உங்கள் ஊர் ஜமாஅத் நிர்வாகிகள் குழுவாகச் சென்று ஒரு சிறிய சமுதாயத்தைக் கண்டறிய விரும்பினால், இந்தியப் பெருங்கடலிலுள்ள கொக்கோஸ் தீவுகளையே நான் சொல்வேன். சென்னையின் மீது குண்டு பொழிந்த எம்டன் கப்பல் 1914 நவம்பரில் அழிந்தது இங்கேதான்.

விமானம் மேற்குத் தீவில் இறங்கும். அங்கிருந்து படகில் கடந்தால் ஹோம் தீவு. சில நூறு மலாய் முஸ்லிம்கள் வாழும் ஊர். இவர்களின் முன்னோர் 1826 முதல் இங்கு கொண்டுவரப்பட்டவர்கள், தென்னந்தோப்பில் உழைத்தவர்கள். குளூனீஸ் ராஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தீவை ஆண்டது. கூலியோ, அக்குடும்பத்தாரின் கடையில் மட்டுமே செல்லும் வில்லைகள்! ஆயிரக்கணக்கில் தேங்காய் உரித்தவனுக்கு வெளியே ஒரு காசும் சொந்தமில்லை.

1974இல் ஐ.நா. குழுவினர் நேரில் வந்து நிலைமையைக் கண்டனர். 1978இல் ஆஸ்திரேலிய அரசு 62.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீவுகளை வாங்கிற்று.

1984 ஏப்ரல் 6இல் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோர் 261 பேரே. நம்மூர்த் தெரு ஒன்றில்கூட இதைவிட அதிகம்பேர் இருப்பர். தனிநாடு கேட்டோர் 9 பேர். ஆஸ்திரேலியாவுடன் இணைய விரும்பியோர் 229 பேர். தங்கள் மார்க்கமும் பழக்கவழக்கங்களும் மதிக்கப்படும் என்ற உறுதியையும் அவர்கள் பெற்றார்கள். நோன்புப் பெருநாள் இன்று அங்கே பொது விடுமுறை.

செல்வோர் தென்னையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். அந்த வில்லைகளைக் கையில் வாங்கிய முதியவர் எவரேனும் இருந்தால், அருகமர்ந்து கேளுங்கள்.