எட்டுக்கு நாற்பத்தொன்று: ஒரு பழைய பிக்கப்பின் கணக்கு

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், எஃப்.சி. எதுவரை இருக்கிறது என்று கேட்கிறார்கள். பின் அச்சுக்குள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றும் இரண்டு பல்சக்கரங்களில் எத்தனை பல் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த வண்டி உங்களுக்குச் சோறு போடுமா, டீசலையும் கிளட்ச் பிளேட்டையும் தின்றே உங்களைக் கடனாளியாக்குமா என்பதில் பாதி அந்தப் பல் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

நாங்கள் ஏழு பேர். சேந்தமங்கலம் பக்கம் லோடு ஏற்றி இறக்கும் வேலை செய்தவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலைக்கு அரிசி, சிமென்ட், மளிகைச் சாமான் கொண்டுபோகிறோம். திரும்பும்போது பலா, அன்னாசி, வாழை ஏற்றிக்கொண்டு நாமக்கல், சேலம் சந்தைக்கு இறங்குகிறோம். அதாவது போகும்போதும் பாரம், வரும்போதும் பாரம்.

வண்டி மேட்டில் திணறியது. இரண்டாவது கியரில் வளைவுக்குள் போனால் நின்றுவிடும்போல முனகும். முதல் கியருக்கு மாற்றி, கிளட்சைப் பாதி மிதித்து இழுக்க வேண்டும். சாலை சமமானதும் நேர்மாறான தொல்லை: நான்காவது கியரே கடைசி என்பதால் 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் கத்தும். கையில் இருந்த பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். கியர் பாக்ஸா, கிரவுன் பினியனா? இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம்.

வண்டி ஓட்டும் தம்பி ஐந்து கியர் பாக்ஸ் வேண்டும் என்றான். பட்டறைக்காரர் கிரவுனை மாற்றச் சொன்னார். மற்ற ஐந்து பேர் முதலில் வாயே திறக்கவில்லை. "மெக்கானிக் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடப் பார்த்தோம். பணம் போட்டவர்கள் ஏழு பேர், பேசுகிறவர்கள் இரண்டு பேர் என்றால் அது எப்படிக் கூட்டு முயற்சி ஆகும்? அதனால் முடிவெடுப்பதற்கு முன்னால் ஏழு பேரும் கணக்கைக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தோம். பெரிய கணக்கு ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்பு வகுத்தல்தான்.

இன்ஜின் சுற்றுவது முதலில் கியர் பாக்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து ப்ரொப்பல்லர் ஷாப்ட் வழியாகப் பின் அச்சு ஹவுசிங்குக்குப் போகிறது. அங்கே ஷாப்டின் முனையில் இருக்கும் சின்ன பல்சக்கரம் பினியன்; அது சுற்றிவிடும் பெரிய சக்கரம் கிரவுன். எங்கள் வண்டியில் பினியனுக்கு 9 பல், கிரவுனுக்கு 41. 41-ஐ 9-ஆல் வகுத்தால் 4.56. ஷாப்ட் 4.56 சுற்று சுற்றினால்தான் டயர் ஒரு சுற்று சுற்றும். இந்த எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் குறைந்தால் நேர்மாறு. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

ஹவுசிங்கைப் பிரிக்காமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். டயரிலும் ஷாப்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாப்ட் நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனால் 9-க்கு 41. ஐந்து சுற்றைத் தாண்டிச் சற்றுப் போனால் 8-க்கு 41. நான்கைத் தாண்டிச் சற்றுப் போனால் 10-க்கு 41.

அடுத்தது டயர். டயரில் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்தோம். ஏறக்குறைய 2.2 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். 1,000-ஐ 2.2-ஆல் வகுத்தால் 455 சுற்று. நான்காவது கியரில் கியர் பாக்ஸ் எதையும் மாற்றுவதில்லை, ஒன்றுக்கு ஒன்று. எனவே 455-ஐ 4.56-ஆல் பெருக்கினால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,070 சுற்று. 80 கி.மீ. வேகத்தில் 2,760.

இனி இரண்டு யோசனைகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தோம்.

8-க்கு 41 போட்டால் 5.125. எல்லா கியரிலும் இழுவை எட்டில் ஒரு பங்கு கூடும். மலையில் இந்த எட்டில் ஒரு பங்கு சின்ன விஷயம் இல்லை. டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜின், 1,000 மீட்டர் உயரம் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைவதாலேயே பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தெம்பை இழக்கும். மலை பிடுங்கிக்கொள்வதைக் கிரவுன் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 3,100 சுற்று சுற்ற வேண்டும். வயதான இன்ஜினை அப்படி மணிக்கணக்கில் ஓட்டக் கூடாது.

ஐந்து கியர் பாக்ஸில் கடைசி கியர் 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிரவுனோடு 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 2,210 சுற்றுதான். அமைதி, டீசல் மிச்சம். ஆனால் மலையில் நம்முடைய முதல் இரண்டு கியரும் இருந்தபடியே இருக்கும்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால்? 5.125-ஐ 0.8-ஆல் பெருக்குங்கள். 4.1 வருகிறது. அதாவது மலையில் 8-க்கு 41-இன் இழுவை, நெடுஞ்சாலையில் 10-க்கு 41 போட்ட வண்டியின் ஓட்டம். கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்பது கணக்கிலேயே தெரிந்தது. கேள்வி, எது முதலில் என்பது மட்டும்தான்.

இங்கேதான் எங்களில் மூத்தவரான அக்கா பேசினார். "எல்லாரும் ஏறுறதையே பேசுறீங்க. எனக்கு எறங்குறதுதான் பயம்" என்றார். அந்த ஒரு பேச்சில் கேள்வியே திசை மாறியது.

பாரத்தோடு இறங்கும்போது வண்டியைப் பிடிக்க வேண்டியது பிரேக் மட்டும் இல்லை, இன்ஜினும்தான். எழுபது வளைவுக்கும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. சின்ன கியரில் போட்டு இறக்கினால், டயர் இன்ஜினைச் சுற்றிவிட வேண்டியிருப்பதால் வண்டி தானாகவே அடங்கி வரும். கிரவுன் எண் கூடினால் இந்தப் பிடிப்பும் அதே எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. ஐந்தாவது கியர் இதற்கு ஒன்றும் செய்யாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டும்.

அதற்கும் மேல் ஒரு வேலை செய்தோம். பத்து நடைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, மலையில் எத்தனை மணி நேரம், சமவெளியில் எத்தனை மணி நேரம் என்று எழுதினோம். பாதிக்கு மேல் நேரம் மலைப்பாதையில் போனது. தம்பியே நோட்டைப் பார்த்துவிட்டு, "கிரவுனே மொதல்ல போடலாம்" என்றான். யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. எண்கள் முன்னால் இருந்தன, அவ்வளவுதான்.

போடும்போது கவனிக்க வேண்டியவை சில. கிரவுனும் பினியனும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பல்லுக்குப் பல் இருக்க வேண்டிய இடைவெளியைச் சரியாக வைத்து, பல்லில் சாயம் தடவிச் சுற்றி, கடி நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரப்படுத்தினால் ஹவுசிங் ஊளையிடும், சீக்கிரமே பல் தேயும். முதல் சில நூறு கி.மீ. பாரம் குறைத்து ஓட்ட வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் முன் அச்சிலும் அதே எண் போட்டாக வேண்டும். எங்களுடையது பின்சக்கர இழுவை மட்டும்.

இன்னொன்று. எங்கள் வண்டியில் வேகமானி கியர் பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து ஓடுகிறது. கிரவுன் மாறியதும் அது பொய் சொல்ல ஆரம்பித்தது: 80-இல் போனால் 90 காட்டும், 1,000 கி.மீ. ஓடினால் 1,125 என்று எழுதும். கி.மீ. கணக்கில் பங்கு பிரிக்கிற கூட்டுக்கு இது சண்டை மூட்டும் விஷயம். அதற்கான சின்ன பல்சக்கரத்தை மாற்றும்வரை, மீட்டர் காட்டுவதை 9-ஆல் வகுத்து 8-ஆல் பெருக்கி எழுதினோம்.

சட்டத்தையும் பார்த்தோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதனால் வேறு கம்பெனி சாமானை வெட்டி ஒட்டும் யோசனையை எடுக்கவே இல்லை. இதே மாடல் வரிசைக்குக் கம்பெனியே கொடுத்த ஜோடியைத்தான் தேடினோம்.

இழுவை கூடிவிட்டது, இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம் என்று வெளியாட்கள் சொன்னார்கள். கூடாது. கிரவுன்தான் மாறியது, பட்டை, பிரேக், அச்சு எல்லாம் பழையவைதான். அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தைக் கட்டிவிடலாம். வளைவில் போகும் உயிரை எதைக் கொண்டு கட்டுவது?

இப்போது வண்டி வளைவில் இரண்டாவது கியரிலேயே ஏறுகிறது. நெடுஞ்சாலையில் 60-ஐத் தாண்டுவதில்லை. அதனால் சேலம் போகும் நாளில் அரை மணி நேரம் முன்பாகவே கிளம்புகிறோம். ஐந்து கியர் பாக்ஸுக்குத் தனியாகச் சேர்த்துக்கொண்டு வருகிறோம்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் நாலு பேர் சேர்ந்து பழைய வண்டி வாங்கத் திட்டமிடுவார்கள். பொறியியல் படிக்கிறவர்கள், ஐ.டி.ஐ. படிக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தப் பேச்சில் போய் உட்காருங்கள். ஒரு சாக்பீஸ், ஒரு அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நீங்களே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். பாரம் தூக்குகிறவர் தன் கையால் 41-ஐ 9-ஆல் வகுக்கும்வரை கூடவே இருங்கள். பட்டறையில் அடுத்த கேள்வியை அவரே கேட்பார்.