சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்

சிவகாசிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து, "எங்கேம்மா வேலை பார்க்கிறே?" என்று கேட்டால், "ஆபீஸ்ல" என்பாள். நாம் உடனே மேஜை, நாற்காலி, ஃபைல் கட்டு என்று நினைத்துக்கொள்வோம். அதெல்லாம் இல்லை. அங்கே தீப்பெட்டி செய்கிற இடத்துக்குப் பெயர் தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசு செய்கிற இடம் ஃபயர் ஆபீஸ். காலை ஏழரை மணிக்குத் தெருமுனையில் நின்றால் போதும். தலை நிறையப் பூவும் கையில் தூக்குவாளியுமாகப் பெண்கள் வேன்களில் ஏறிக்கொண்டே இருப்பார்கள். நானும் இரண்டு நாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

நான் மாயவரத்துக்காரி. என் நாத்தனார் சிவகாசியில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் ஆகிறது. கல்யாணமான புதிதில் என்னை "அண்ணி" என்று கூப்பிட்டவள், இப்போது அந்த ஊர் வழக்கப்படி வாய் நிறைய "மதினி" என்கிறாள். போன வைகாசியில் அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகப் போய் ஐந்து நாள் தங்கினோம். எல்லாரும் பத்ரகாளியம்மன் கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் என்று திட்டம் போட்டார்கள். நான், "எனக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸைக் காட்டு, அது போதும்" என்றேன். "இதென்ன ஆசை மதினி!" என்று சிரித்தாள்.

ஆசை இல்லை, கோபம். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இது நடக்கும். கேஸ் அடுப்புக்கு லைட்டர் இருந்தாலும் குத்துவிளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் எல்லாவற்றுக்கும் தீப்பெட்டிதானே? ஒரே கடையில், ஒரே படம் போட்ட ஒரே பாக்கெட் வாங்குகிறோம். முதல் பெட்டி முத்து முத்தாகப் பற்றுகிறது. அடுத்த பெட்டியில் உரசினால் தலை உதிர்கிறது. இன்னொன்றில் 'புஸ்' என்று சீறிவிட்டுக் குச்சியில் பிடிக்காமலே அணைகிறது. மற்றொன்றில் பாதிக் குச்சி மீதியிருக்கும்போதே பெட்டியின் பக்கம் வழுக்கையாகிவிடுகிறது. ஒருநாள் பொழுது போகாமல் ஒரு பாக்கெட்டில் ஆறு பெட்டியைப் பிரித்துக் கொட்டி எண்ணினேன். 46, 39, 43, 37, 45, 41. ஆறும் ஆறு கணக்கு!

போன கார்த்திகையில் அகல் ஏற்றும்போது ஒரு குச்சியின் தலை எரிந்தபடியே தெறித்து, பக்கத்தில் திரி போட்டுக்கொண்டிருந்த என் மகளின் பாவாடையில் விழுந்தது. துணி பொசுங்கி, முழங்காலுக்கு மேல் பட்டாணி அளவு கொப்புளம். உடனே குழாயடிக்குக் கூட்டிப்போய் இருபது நிமிஷம் தண்ணீரைக் காட்டினேன். (தீப்பட்ட இடத்தில் மை, பற்பசை, மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். ஓடுகிற தண்ணீர்தான் முதல் வைத்தியம். கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.) எந்த லேபிள் என்று சொல்லப் போவதில்லை. அதே லேபிளில் நல்ல பெட்டியும் இருந்ததே! அதுதான் என்னைக் குடைந்தது.

நாத்தனார் வீட்டுக்காரர் அச்சாபீஸ்காரர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால்தானே சிவகாசியில் அச்சுத் தொழிலே வளர்ந்தது? அவருக்குத் தெரிந்தவரின் ஆபீஸ் ஒன்று சாத்தூர் போகிற வழியில் இருந்தது. கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுவில் ஓடு போட்ட நீளக் கட்டடம். வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒருமாதிரி மெழுகும் பசையும் கலந்த வாடை.

கணக்குப்பிள்ளை எங்களை ஒரு அம்மாளிடம் ஒப்படைத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எட்டு வயதிலேயே கட்டை அடுக்க வந்தவராம். அந்தக் காலத்தில் பிஞ்சு விரல்தான் வேகமாக ஓடும் என்று குழந்தைகளை உட்கார வைத்தார்கள். 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைகள் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் வந்தது. "எம் மகளை நான் இங்கன கூட்டியாரலை தாயி. அவ நர்சு படிச்சிட்டா" என்றார் அந்த அம்மாள். சொல்லும்போது கை நிற்கவில்லை.

நான் நினைத்தது, ஒரு மிஷினில் மரத்தைப் போட்டால் மறுபக்கம் தீப்பெட்டி வந்து விழும் என்று. முழுக்க மிஷினில் செய்கிற பெரிய ஆலைகளும் உண்டுதான். நான் பார்த்தது பாதி மிஷின், பாதி கை. மெதுவான வெள்ளை மரத்தை ஏடு ஏடாகச் சீவி, குச்சியாக நறுக்கி மூட்டையில் வருகிறது. குறுக்கு நார் ஓடிய குச்சி உரசும்போதே ஒடிந்துவிடும். அதைச் சட்டத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குவதுதான் கட்டை அடுக்குவது. பிறகு குச்சி முனையைக் காய்ந்த மெழுகில் முக்குகிறார்கள். இந்த மெழுகைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. தலையில் பிடித்த தீயைக் குச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதுதானாம். குச்சி ஈரமாக இருந்து மெழுகு ஏறாவிட்டாலும், மெழுகைச் சிக்கனம் செய்தாலும், அந்த 'புஸ்' பெட்டிதான்.

அப்புறம் மருந்து. பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், இவற்றைப் பிடித்து வைக்க வஜ்ஜிரப் பசை. பசை சூடாக இருந்தால் இளகும், ஆறினால் இறுகும். இளகின மருந்தில் முக்கினால் தலை கடுகாக இருக்கும். இறுகினதில் முக்கினால் மிளகாகத் திரண்டு, சரியாக ஒட்டாமல் தெறிக்கும். "காலையில கிண்டுன மருந்து மத்தியானம் அதே மருந்தா இருக்காது தாயி" என்றார் அந்த அம்மாள். காய்வதும் அப்படித்தான். அவசரமாகக் காய்ந்தால் தலையில் வெடிப்பு விடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் இருந்தால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். மழை குறைந்த பூமி என்பதே இந்தத் தொழிலுக்கு அனுகூலம். ஆனால் அங்கே காய்ந்த பெட்டி எங்கள் மாயவரத்து அடைமழைக்கு வந்து சேர்ந்தால் மறுபடி ஈரம் வாங்குகிறது.

பெட்டியின் பக்கத்தில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ். குச்சியில் ஒரு மருந்து, பெட்டியில் ஒரு மருந்து என்று பிரித்து வைத்ததால்தான் அது பாதுகாப்புத் தீப்பெட்டி. அதற்கு முன்பு வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகள் இருந்தன. எங்கே உரசினாலும் பற்றும். செய்தவர்களின் தாடை எலும்பே அரித்துப்போனதாம். நம் நாட்டில் 1913-லேயே சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். பக்கத்து மருந்தை மெல்லிசாக ஓட்டினால் நம் வழுக்கைப் பெட்டி தயார்.

கடைசியில் பெட்டி அடைப்பது. இந்த ஆபீஸில் கையால்தான். அந்த அம்மாள் ஒரு பிடி அள்ளுகிறார், பெட்டிக்குள் போகிறது, மூடுகிறார். எண்ணுவதே இல்லை. நான் அவர் அடைத்த பெட்டி மூன்றை எண்ணிப் பார்த்தேன். 45, 45, 44! பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அடைத்ததில் 38-ம் இருந்தது, 47-ம் இருந்தது. இருவருக்கும் கூலி பெட்டிக் கணக்குத்தான். நின்று நிதானிக்க யாருக்கும் நேரமில்லை. குச்சிக்குக் குச்சி உரசி அடைக்கும்போதே தீப்பிடிப்பதும் உண்டு. அந்த அம்மாளின் இடது புறங்கையில் பழைய தழும்பு பளபளத்தது.

"இதையெல்லாம் சோதிப்பதில்லையா?" என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். ஒரு பண்டல் என்பது 600 பெட்டி. அதில் இரண்டு மூன்றைப் பிரித்து உரசிப் பார்ப்பாராம். பற்றினால் பண்டல் போகும். தீப்பெட்டிக்கென்று இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 2653 என்று தனி விதிமுறையே இருக்கிறது. இந்த ஆபீஸிலோ சோதனைச்சாலை என்பது கணக்குப்பிள்ளையின் வலது கைதான்.

"எல்லாத்தையும் உரசிப் பாத்தா எதை விக்கிறது?" என்று அவர் சிரித்தார். நியாயம்தான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் பார்க்கிறோம். பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் ஒன்றாக வெந்ததால் அது சரி. இந்தப் பண்டலில் உள்ள குச்சிகள் ஒரே பானையில் வெந்தவையா? காலை மருந்து கொஞ்சம், சாயங்கால மருந்து கொஞ்சம், வெயிலில் காய்ந்தது கொஞ்சம், மேகமூட்டத்தில் காய்ந்தது கொஞ்சம், எத்தனையோ பேர் அடைத்தது. இரண்டு பெட்டியின் பதம் மற்ற 598-க்கு எப்படிப் பொருந்தும்?

நாத்தனாரின் மாமனார் பழைய கதை சொன்னார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்து, 1923-ல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். அதே வருஷம்தான் ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனியும் இந்தியாவில் கால் வைத்தது. அவர்களுக்கு மிஷின், இவர்களுக்கு வானம் பொய்த்த பூமியில் வேலைக்குக் காத்திருந்த கைகள். கை ஜெயித்தது. அந்த மட்டில் எனக்கும் பெருமைதான்.

விலைக் கதையும் அவர்தான் சொன்னார். 2007-ல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, பதினான்கு வருஷம் அதே ஒரு ரூபாயிலேயே நின்றது. 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாய். இடையில் மெழுகு, அட்டை, பாஸ்பரஸ், குளோரேட் எதன் விலை நின்றது? நம்மைக் கேட்டால், குடும்பச் செலவுக்கு அதே பணம் கொடுத்துவிட்டு விலைவாசி ஏறினால் என்ன செய்வோம்? சாம்பாரில் பருப்பைக் குறைப்போம். அங்கேயும் குச்சி மெலிந்திருக்கும், மெழுகு குறைந்திருக்கும், எண்ணிக்கை இறங்கியிருக்கும். ஒரு ரூபாய் பெட்டியில் பைசாவை ஏற்ற முடியாது. உள்ளே இருப்பதைத்தான் இறக்க முடியும். இது என் ஊகம். முதலாளியிடம் கேட்டதற்கு அவர் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை, டீ சொன்னார்.

ஆனால் பருப்புக் குறைந்த சாம்பார் யாரையும் சுடாது. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்ப்பது அபாயம் என்று பட்டாசில் 1992-லேயே தடுத்துவிட்டார்கள். தீக்குச்சித் தலை போன்ற சின்ன அளவுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சின்ன அளவு சரியாக ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான் நாம் ஒவ்வொரு நாளும் நம் விரல் நுனியில் பரிசோதிக்கிறோம்.

திரும்பும் வழியில் சாத்தூரில் இறங்கினோம். ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர்போன ஊர். பால்பாயிண்ட் பேனா வந்து அதை விழுங்கிவிட்டது. மாமனார் சிறுவயதில் கடையிலேயே மையில் தோய்த்து, காகிதத்தில் கிறுக்கிப் பார்த்துத்தான் நிப்பு வாங்குவாராம். கீறினால் அடுத்ததைக் கேட்கலாம். தீக்குச்சியில் அந்த வசதி இல்லையே!

கிளம்பும்போது அந்த அம்மாளிடம் கேட்டு வைத்துக்கொண்ட சில விஷயங்கள். வாங்கும்போது பெட்டியின் பக்கத்தைப் பாருங்கள். மருந்து திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக இருக்க வேண்டும். திறந்தால் குச்சித் தலைகள் ஒரே அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். இரட்டைத் தலைக் குச்சியை உரசாமல் தண்ணீரில் போட்டுவிடுங்கள். உரசும்போது தீ நம் உடம்பை விட்டு விலகிப் போகிற பக்கமாக உரசுங்கள், நைலக்ஸ் புடவை கட்டியிருந்தால் கட்டாயமாக. மழைக்காலத்தில் மூடி இறுகின டப்பாவில், பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். ஈரம் பட்ட பெட்டியை அடுப்பு மேடையில் காய வைக்காதீர்கள். "நெழல்ல காத்தாட வையி. வெயில்லயும் வேணாம்" என்றார்.

அவர் அடைத்த பெட்டியாகவே ஒரு பண்டல் கேட்டேன். கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் ரயிலில் அதை எடுத்துப் போகக் கூடாது என்று என் கணவர் தடுத்துவிட்டார். சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும்தான் பையில் ஏறின. பால்கோவா மதுரை தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.