வங்காலையில் ஒரு தனி நடை

மன்னார்த் தீவுக்குப் பஸ்ஸில் போகின்றவர்கள் தள்ளாடியைத் தாண்டியதும் தாம்போதியை அண்டி விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பைக் கண்டிருப்பீர்கள். அதுவும் அதனைச் சூழ்ந்த சேற்று நிலமும் வங்காலைச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 4,839 ஹெக்டேயர் பரப்புடைய இவ்விடம் 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எமது நாட்டில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. ஆனாலும் வடக்கு ஆசியாவில் இலை உதிர்ந்து நீர்நிலைகள் உறையத் தொடங்கினால், அதன் அடையாளம் மன்னாரில் தெரியும். கார்த்திகை பிறக்க, ஊசிவால் வாத்துகளும் மூக்கன்களும் உள்ளான்களும் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் அவற்றுக்கு இலங்கையே பயணத்தின் கடைசித் தரிப்பிடம். இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான்.

2023 கார்த்திகையின் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், தள்ளாடிப் பக்கமிருந்து தனியே நடந்தேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. வாடைக் காற்றில் உப்பும் சேறும் கலந்து மணத்தன. மன்னாருக்கே உரிய கழுதைகள் இரண்டு தரவையில் புல் மேய்ந்தன. தூரத்தில் வெள்ளைக் கோடு போட்டதுபோல் பூநாரைகள் நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் தலைகீழாக வைத்து, சேற்று நீரை வடித்தே அவை உண்கின்றன. உண்ணும் சிறு இறால்களிலும் பாசிகளிலும் உள்ள நிறப்பொருளே அவற்றின் சிறகுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. குஞ்சுகள் சாம்பல் நிறமானவை. நிறம் வரச் சில வருடங்கள் செல்லும்.

கரையோரம் நண்டு வலை கழற்றிக்கொண்டிருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தனியவோ பிள்ளை வந்தனீங்கள்?"

"ஓம் அம்மா."

"ஆரையும் தேடியோ?"

"இல்லையம்மா, பறவை பாக்க."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தேடாமல் நடக்கிறதும் நல்லதுதான்" என்று சொல்லி வலையைக் கையிலெடுத்தார்.

அவருடைய கேள்வியின் பொருள் எமக்குப் புரியும். போர்க் காலத்தில் இந்தத் தாம்போதியில் பெண்கள் பாஸுக்காகவும் சோதனைக்காகவும் வரிசையில் நின்றார்கள். 2009 க்குப் பின்னரும் முகாம், கச்சேரி, ஆணைக்குழு, நீதிமன்றம் என்று படமும் கோப்பும் கையுமாக நடந்தார்கள். எமது பெண்களின் கால்கள் நடக்காத தூரமில்லை. ஆனால் அந்த நடையெல்லாம் யாருக்காகவோ, எதற்காகவோ நடந்தவை. தன் மனம் ஆறுவதற்காக ஒரு பெண் நடந்தால், "தனிய ஏன் போகிறாள்" என்று ஊர் கேட்கிறது. கணவனை இழந்தவள் என்றால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

ஒரு மணித்தியால நடை இழப்பை ஈடுசெய்யாது. காணாமற்போனவரைத் தேடும் உரிமையை அது விட்டுக்கொடுப்பதுமாகாது. எனினும் மூச்சு ஆறுகிறது. அடுத்த நாள் அலுவலுக்குத் தெம்பு வருகிறது. இந்த வெளி எமக்கும் உரியது என்ற எண்ணமும் மெல்ல வேரூன்றுகிறது.

சகோதரிகளே, மார்கழியிலும் தையிலும் பறவைகள் இன்னும் கூடுதலாக இருக்கும். விடியற்காலையில் போங்கள். தண்ணீரும் தொப்பியும் கொண்டு செல்லுங்கள். ஆள் நடமாடும் பாதையை விட்டு, தெரியாத பற்றைகளுக்குள் இறங்க வேண்டாம். பறவைகளைக் கிட்டப் போய் எழுப்பவும் வேண்டாம். அவை நெடுந்தூரம் பறந்து களைத்து வந்தவை. ஆறுதலாக உண்டு தேறட்டும். தனியே போகத் தயக்கமென்றால் முதல்முறை ஒரு தோழியுடன் போங்கள். இரண்டாம் முறை தனியே போய்ப் பாருங்கள்.