ஒற்றைச் சக்கரம்

எம் பழைய மாணவர் ஒருவர் கணிப்பொறி நிறுவனப் பணியைத் துறந்து நுண்ணிய தச்சுவேலை கற்க விழைந்தார். மயிலாப்பூரில் உள்ள எம் இல்லத்திற்கு அவருடைய தந்தையார் வந்து, "நீங்கள் சொன்னால் கேட்பான்" என்று கலங்கினார். யாமும் மாணவரை அழைத்து, "கற்ற கல்வி வீணாகலாமா, தம்பி?" என்று கடிந்தோம். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது அன்று எம் நினைவுக்கு வரவில்லை. மாணவர் மறுமொழி கூறாது பணியில் தொடர்ந்தார்.

சில திங்கள் கழித்து வகுப்பில் புறநானூற்றின் 87ஆம் பாடலை நடத்தினோம். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானுக்கு உவமையாக்குகிறார் ஔவையார். அதனை வியந்து விளக்கிய இதே நாவன்றோ ஓர் இளைஞரைத் தச்சராக வேண்டா என்று தடுத்தது!

அந்த உறுத்தலில் ஜார்ஜ் நாகஷிமாவின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1905இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வழியினரான அவர் கட்டடக் கலைஞர். 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். போர்க்காலத்தில், 1942இல், அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்துடன் முகாமில் அடைத்தது. அங்கே உடனிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் மரவேலை நுட்பங்களைக் கற்றார். பின்னாளில் உலகறிந்த மரக்கலைஞரானார். 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்காக அறைகலன்களை வடிவமைத்தார். முன்பு கற்றது வீணாகவில்லை. மேசையாகவும் நாற்காலியாகவும் உருமாறியது.

ஓராண்டுக்குப் பின் மாணவர் மீண்டும் வந்தார், எம் அறிவுரை கேட்க அன்று. பணியைத் துறந்ததைத் தெரிவிக்க. இன்று அடையாற்றில் ஒரு சிறு கொட்டகையில் உழைக்கிறார். சென்ற இரமலானில் அங்கே சென்றோம். குர்ஆனை வைத்து ஓதும் ரெஹாலை ஒரே தேக்குப் பலகையில் செதுக்கிக்கொண்டிருந்தார். ஆணியில்லை, பசையில்லை, நடுவே விரல் கோத்தாற்போல் இரு பாதிகளும் ஒன்றையொன்று கவ்வி மடங்கின. மூலையில் விரிசல் கண்ட இரண்டு கிடந்தன. "உளி ஒரு நூல் கூடுதலாகச் சென்றுவிட்டது, ஐயா" என்றார். வருவாய் முன்னையதில் பாதியும் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

"எம்மால் உமக்கு ஓராண்டு வீணாயிற்று, தம்பி" என்றோம்.

"இல்லை ஐயா, அந்த ஆண்டுச் சம்பளத்தில்தான் இந்த உளிகளை வாங்கினேன்" என்று புன்னகைத்தார்.

இனி ஒரு மாணவர் இவ்வாறு வந்து நின்றால், கல்வி வீணாகுமே என்று யாம் கேட்கமாட்டோம். யாரிடம் கற்கப் போகிறீர், அதுவரை உண்பதற்குக் கையில் என்ன இருக்கிறது என்று மட்டுமே கேட்போம்.