சிம்பொராசோவும் என் தலைவலியும்

“உலகத்திலேயே உயரமான மலை எது?” என்று கேட்டால் பள்ளிக்கூடத்துக் குழந்தைகூட “எவரெஸ்ட்” என்று பட்டென்று சொல்லிவிடும். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அது சரிதான். பூமியின் மையத்திலிருந்து அளந்தால்? அப்போது முதலிடம், தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில் இருக்கும் சிம்பொராசோ மலைக்கு! கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 6,263 மீட்டர்தான். ஆனால் பூமி சரியான உருண்டை இல்லையே. பூமத்திய ரேகைப் பக்கம் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. அந்தப் பிதுக்கத்தின் மேல் நிற்பதால் சிம்பொராசோவின் உச்சி எவரெஸ்டின் உச்சியைவிட இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது.

பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர், கல்யாணமான புதிதிலிருந்தே இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். “ஒரு தடவையாவது அந்த மலையில கால் வெச்சுடணும்” என்பார். நான் சிரித்துக்கொண்டே காய் நறுக்குவேன். எங்கள் மகளுக்கு ஈக்வடாரின் தலைநகரான கீட்டோவில் வேலை கிடைத்ததும் இவருடைய ஆசைக்குச் சிறகு முளைத்துவிட்டது. ஒரு ஜூலை மாதம் கிளம்பிவிட்டோம்.

கீட்டோவில் இறங்கியதுமே மகள் போட்ட முதல் உத்தரவு: “அம்மா, இன்னிக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. தண்ணி குடிச்சுட்டுப் படு.” காரணம் இருக்கிறது. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கீட்டோ நகரமே 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது! மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊராச்சே, வியர்த்துக் கொட்டும் என்று நினைத்துப் போன எனக்கு, புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் சால்வையும் தேவைப்பட்டன.

இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் ஊர் சுற்றினோம். 1978-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களை முதன்முதலாக அறிவித்தபோதே இடம் பிடித்தது கீட்டோவின் பழைய நகரம். லா கொம்பான்யா தேவாலயத்தின் உட்புறம் முழுக்கத் தங்க ரேக்கு! அங்கிருந்து பூமத்திய ரேகை நினைவுச் சின்னத்துக்குப் போனோம். தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு காலை வடக்கிலும் ஒரு காலைத் தெற்கிலும் வைத்து எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நிஜமான ரேகை அங்கிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளித்தான் ஓடுகிறது! “கோடு தப்பு” என்று இவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புடவைக்கு உறவுக்காரி

சனிக்கிழமை ஒட்டவாலோ சந்தை. கீட்டோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணம். நெசவுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள கிச்சுவா இனப் பெண்கள் பூவேலை செய்த வெள்ளை ரவிக்கை, கழுத்து நிறையப் பொன்னிற மணிமாலை, இடுப்பில் கருநீலத் துணி என்று அழகாக வளைய வருகிறார்கள். அந்தத் துணிக்கு ‘அனாக்கோ’ என்று பெயர். தைப்பது கிடையாது, இடுப்பில் சுற்றி, கையால் நெய்த பட்டையால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஒரு கடைக்கார அம்மாள் என் புடவைக் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்து, தன் அனாக்கோவையும் காட்டிச் சிரித்தாள். பாஷையே தேவைப்படவில்லை!

சாப்பாடு என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். உருளைக்கிழங்கு பிறந்த வீடே ஆண்டிஸ் மலைத்தொடர்தான். வகை வகையாகக் குவித்து விற்கிறார்கள். ‘லோக்ரோ’ என்ற உருளைக்கிழங்கு சூப் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வெங்காயம், பூண்டு வதக்கி, கிழங்கைப் போட்டுக் குழைய வேகவிட்டுப் பாதியை மசிக்க வேண்டும். பால் விட்டு, பாலாடைக் கட்டியை உதிர்த்துப் போட்டு இறக்கி, மேலே வெண்ணெய்ப் பழத் துண்டுகள். குளிருக்கு இதமோ இதம்! சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘சின் கார்னே’, அதாவது ‘இறைச்சி இல்லாமல்’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கோழி வேகவைத்த நீரில் சூப் செய்வதும் உண்டு; அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

வெந்நீர் ஊற்றும் வெல்ல மிட்டாயும்

அடுத்து மூன்று நாள் பான்யோஸ். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், துங்குராவா எரிமலையின் காலடியில் இருக்கும் சின்ன ஊர். 1999-ல் எரிமலை பொங்கியபோது ஊரையே காலி செய்தார்கள். சில மாதங்களில் ஜனங்கள் பிடிவாதமாகத் திரும்பி வந்துவிட்டார்களாம். பயமுறுத்துகிற அதே மலைதான் வெந்நீர் ஊற்றுகளையும் கொடுக்கிறது. விடியற்காலையில் அந்த நீரில் உட்கார்ந்தால் முழங்கால் வலியெல்லாம் மறந்துபோகிறது. கடைவாசலில் மர முளையில் மாட்டி, கரும்புப் பாகை இழுத்து இழுத்து ‘மெல்கோச்சா’ மிட்டாய் செய்வதை நாளெல்லாம் பார்க்கலாம். நம் ஊர் ஜவ்வு மிட்டாய் ஞாபகம்தான்!

இங்கேதான் ஒரு தப்புச் செய்தோம். கீட்டோவின் உயரத்துக்குப் பழகிய உடம்பைக் கீழே இறக்கி மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, ஒரே காலையில் ஜீப்பில் சிம்பொராசோவுக்கு ஏற்றிவிட்டோம். முதல் தங்குமிடம் சுமார் 4,850 மீட்டர் உயரம். அதாவது நாலைந்து மணி நேரத்தில் மூவாயிரம் மீட்டர்! வழியில் ரியோபம்பா ஊரில் இரண்டு இரவு தங்கலாம் என்றுதான் மகள் சொன்னாள். “விடுமுறை வீணாகும்” என்று தடுத்தது நான்தான்.

போகிற வழியில் மரங்கள் மறைந்து, புல் மறைந்து, கடைசியில் சாம்பல் நிற மண்தான் மிச்சம். மெல்லிய கழுத்தும் பெரிய கண்களுமாக விகூன்யாக்கள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. ஒட்டகத்தின் சின்னத் தங்கை மாதிரி இருக்கும். இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் அற்றுப்போன இனம். 1988 முதல் பெரு, சிலி நாடுகளிலிருந்து கொண்டுவந்து மறுபடியும் பெருகவிட்டார்கள். திடீரென்று மேகம் விலகிப் பனி மூடிய சிகரம் தெரிந்தது. இவர் கண்ணில் தண்ணீர்.

எனக்கோ பாதி வழியிலேயே நெற்றிப் பொட்டு தெறிக்க ஆரம்பித்திருந்தது. வழிகாட்டியாக வந்த கிச்சுவாப் பெண் இரண்டு முறை மகள் மூலமாகக் கேட்டாள், “தலை வலிக்கிறதா?” என்று. இரண்டு முறையும் “இல்லை” என்றேன். நாற்பது வருஷக் கனவு. என் தலைவலியால் கெடலாமா? வீட்டில் காய்ச்சலோடு சமைத்துப் பழகியவள்தானே நான்!

ஜீப்பை விட்டு இறங்கி, 5,000 மீட்டரில் இருக்கும் இரண்டாவது தங்குமிடத்தை நோக்கி நடந்தோம். அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். ஐம்பது அடி நடப்பதற்குள் குமட்டியது. கால் பின்னியது. பாறையில் சாய்ந்து வாந்தி எடுத்துவிட்டேன். “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று நான் முனகியது ஞாபகம் இருக்கிறது.

வழிகாட்டிப் பெண் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் மகள். அப்படியே திருப்பி ஜீப்புக்கு அழைத்து வந்துவிட்டார்கள். “கால் பின்னினா அது சாதாரணத் தலைவலி இல்லம்மா. மூளையில நீர் கோத்துக்கிட்டா உயிருக்கே ஆபத்து” என்ற மகளின் குரல் நடுங்கியது.

ஜீப் இறங்க இறங்கத் தலைவலியும் இறங்கியது. ரியோபம்பா வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பட்டை தட்டிப் போட்ட சூடான வெல்லத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள் அந்தப் பெண். “உங்க கனவைக் கெடுத்துட்டேனே” என்றேன் இவரிடம்.

இவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் காலையிலேர்ந்து தலைவலிதான். நீ ஆசையா வர்றியேன்னு சொல்லலை.”

மகள் எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்கப்புறம் மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

உயரமான இடங்களுக்குப் போகும் சகோதரிகளே, மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பகலில் ஏறினாலும் இரவில் இறங்கித் தூங்குவது நல்லது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுங்கள். தீவிரமானால் உடனே இறங்குங்கள். தள்ளாட்டம், பிதற்றல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதம் கூடாது; இறங்குவதுதான் முதல் மருந்து. தூக்க மாத்திரை வேண்டாம். இருதயக் கோளாறு, ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கிளம்பும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். தடுப்பு மாத்திரைகள் உண்டு; அதையும் அவர் சொன்னால்தான் சாப்பிட வேண்டும். வெயில் கடுமை, தொப்பியை மறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்புக்கு முடியவில்லை என்றால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். மலையில் மட்டுமல்ல, வீட்டிலும்தான்!

எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது சிம்பொராசோவின் படம் மாட்டியிருக்கிறது. ஜீப் ஜன்னல் வழியாக எடுத்தது, கொஞ்சம் ஆடியிருக்கிறது. “ரெண்டாவது தங்குமிடம் பாக்கி இருக்கு” என்கிறார் இவர். போகலாம். ஆனால் இந்தத் தடவை ரியோபம்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டுத்தான்!