சிம்லாவின் முதல் மரவீடு

கால்காவில் சிற்றிரயில் ஏறிச் சிம்லா சென்று வந்த அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. இருப்புப்பாதை இலாகாவில் எழுத்தராக இருப்பதால், 1903இல் திறக்கப்பெற்ற அந்தத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர்ப் பாதையைப் பற்றி எழுதக் கை துடிக்கிறது. ஆயினும் சென்ற கோடையில் நாங்கள் குடும்பத்தோடு சென்றது வேறொன்றைத் தேடி.

1819ஆம் ஆண்டில் ராஸ் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, காட்டினிடையே மரத்தால் ஒரு குடில் அமைத்துப் புல் வேய்ந்தார். ஆங்கிலேயர் அங்கு எழுப்பிய முதல் வீடு அதுவே என்பர். 1822இல் கென்னடி என்பவர் நிலையான வீடொன்று கட்டினார். 1827இல் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் பிரபு அங்குத் தங்கிச் சென்றபின் ஊரின் புகழ் ஓங்கியது.

ராஸின் குடில் இருந்த இடத்தை எங்களுக்குக் காட்டுவார் எவருமிலர். வினவிய இடமெல்லாம் சிரிப்பே விடையாயிற்று. "இல்லாத வீட்டைப் பார்க்கவா அப்பா வந்தோம்?" என்றான் எங்கள் மூத்த மகன்.

கீழ்ச்சந்தைச் சரிவில் பழைய வீடொன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். சாந்து உதிர்ந்த சுவரில் உள்ளமைப்புத் தெரிந்தது. தேவதாருச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் சாய்வுமாகப் பிணைத்து, இடைவெளிகளில் சிறு கற்களையும் மண்ணையும் அடைத்திருந்தார்கள். இதனைத் 'தஜ்ஜி' என்கிறார்கள். ஒட்டுத்துணி போன்றது என்பது பொருள். அருகில் நின்ற முதிய தச்சர், "மலை ஆடினால் இதுவும் கூட ஆடும், ஆனால் விழாது" என்றார். வெறும் பெருமையன்று. 2005இல் காஷ்மீரப் பூகம்பத்தில் இத்தகைய சுவர்கள் பல விரிசலோடு தப்பின. அதன்பின் பாகிஸ்தானிய அரசே வீடுகளை மீண்டும் கட்ட இம்முறையை ஏற்றது.

மரத்திற்குப் பகை தீ. இராஜப்பிரதிநிதிகள் வாழ்ந்த பீட்டர்ஹாஃப் மாளிகை 1981இல் எரிந்தது. அவ்வச்சத்தாலேயே எங்கள் இரயில்வே போர்டு கட்டடத்தை 1896-97இல் இரும்பால் அமைத்தார்கள். 2001இல் மேல்தளத்தில் தீப்பற்றியும் அது நிலைத்து நின்றது. (இலாகாப் பெருமை, பொறுத்தருள்க.) ஆனால் அன்று எங்கள் கண்முன் வீட்டை அழித்தது தீயன்று, கடப்பாரை. நூறாண்டு கண்ட சட்டங்கள் விறகாக எடைபோடப்பட்டன. அவ்விடத்தில் நான்கடுக்குச் சிமெண்டுக் கட்டடம் வருமாம். அச்சரிவையும் அதன் பாரத்தையும் எண்ணி எங்கள் வீட்டார் முகம் சுளித்தார்.

விடுமுறையில் சிம்லா செல்லும் அன்பர்கள் மால் ரோட்டோடு திரும்பிவிடாமல், கீழ்ச்சந்தைக்கும் இறங்கிச் செல்க. அத்தகைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க.