ஐடிராப்பர் காட்டும் எண்

லோகோவில் உள்ள நீலத்தை, நிறம் எடுக்கும் கருவியான ஐடிராப்பரால் தொட்டால் டைட்டிலில் வேறொரு நீலம் வந்து உட்காருகிறது. பச்சைத் திரையைத் தொட்டால் கறுப்பு வருகிறது. பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் படத்தைத் தொட்டால் டெஸ்க்டாப் வால்பேப்பரின் நிறம் வருகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மோஷன் கிராபிக்ஸ் மென்பொருளில் சில காலம் உழைத்தவர்கள் இந்த மூன்றில் ஒன்றையாவது சந்தித்திருப்பார்கள். மூன்றுக்கும் எழும் புகார் ஒன்றுதான்: "ஐடிராப்பர் வேலை செய்யல."

பெரும்பாலும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மூலக் கோப்பில் இருக்கும் நிறம் கலைஞரின் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் பல கட்டங்களைக் கடக்கிறது. கோப்பின் சுருக்கமுறை, லேயரின் ஒளிபுகும் தன்மை, எஃபெக்ட், புராஜெக்டின் வண்ண வெளி, இயங்குதளம், மானிட்டர் என்று அந்தப் பாதை நீள்கிறது. ஐடிராப்பர் அதில் ஏதோ ஓர் இடத்தில் நின்று எண்களைப் படித்துச் சொல்கிறது. எந்தக் கட்டத்தில் நிறம் மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பவரின் வேலை. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒவ்வொரு கோளாறும் எண்களில் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அனுபவசாலிகள் திரையைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்களைத்தான் பார்க்கிறார்கள்.

முதல் சோதனை மிக எளிது. புதிய காம்ப் (காம்பொசிஷன்) ஒன்றில் 128, 128, 128 மதிப்புள்ள சாம்பல் நிற சாலிட், அதாவது ஒரே நிற லேயர், போட்டு, அதை ஐடிராப்பரால் தொட வேண்டும். 128 வந்தால் கருவி நலம். கோளாறு அந்தப் புராஜெக்டிலோ கோப்பிலோ இருக்கிறது. 16448 என்றோ 0.502 என்றோ வந்தாலும் பதற வேண்டாம், அதுவும் அதே சாம்பல்தான். 8 பிட் புராஜெக்டில் 0 முதல் 255 வரை எண்ணும் மென்பொருள், 16 பிட்டில் 0 முதல் 32768 வரை எண்ணுகிறது. 32 பிட்டில் கறுப்பு 0, வெள்ளை 1 என்று தசமத்தில் காட்டுகிறது. ஒருவர் 16 பிட்டில் குறித்த எண்ணை இன்னொருவர் 8 பிட்டில் தேடினால் கிடைக்காது. இன்ஃபோ பேனலில் எண் காட்டும் முறையை மாற்றிக்கொண்டால் இந்தக் குழப்பம் அத்தோடு தீர்ந்துவிடும்.

சாலிட் சரியாக வந்து, மென்பொருளுக்கு வெளியே தொடும்போது மட்டும் வால்பேப்பர் நிறம் வருகிறதா? மேக் கணினியில் அது அனுமதிச் சிக்கல். 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா முதல், ஒரு செயலி மற்ற செயலிகளின் ஜன்னல்களைப் படிக்க வேண்டுமானால் பயனர் தனியாக அனுமதி தர வேண்டும். அது கிடைக்காத செயலிக்குத் தன் ஜன்னலும் பின்னால் உள்ள டெஸ்க்டாப்பும் மட்டுமே தெரியும். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் பட்டியலில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு அனுமதி தந்து, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகிவிடும். விண்டோஸில் இரண்டு மானிட்டர்கள் வெவ்வேறு ஸ்கேலிங்கில் இருந்தால், தொட்ட இடம் ஒன்றும் படித்த இடம் வேறொன்றுமாக விலகிப்போக வாய்ப்பு உண்டு. எப்போதும் ஒரே திசையில் தள்ளியிருக்கும் நிறமே வருகிறதென்றால், இரண்டையும் ஒரே ஸ்கேலிங்குக்கு மாற்றிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, தொடும் இடம். சாதாரணமாகச் சொடுக்கினால் ஐடிராப்பர் ஒரே ஒரு பிக்சலைப் படிக்கிறது. வீடியோவில் ஒரு பிக்சலை நம்பி நிறம் எடுப்பது ஆபத்து. எச்.264 கோப்புகள் பெரும்பாலும் 4:2:0 முறையில் பதிவாகின்றன. அதில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக இருக்கும். நிறத் தகவலோ நான்கு பிக்சல்களுக்கு ஒன்றுதான். எழுத்தின் விளிம்பில் தொட்டால் எழுத்தும் பின்னணியும் கலந்த ஒரு நிறம் வரும். சுருக்கத்தால் விழுந்த இரைச்சல் வேறு. கன்ட்ரோல் விசையை, மேக்கில் கமாண்ட் விசையை, அழுத்திக்கொண்டு சொடுக்கினால் 5க்கு 5 பிக்சல் பரப்பின் சராசரி கிடைக்கிறது. அதோடு பிரிவியூவை முழு ரெசல்யூஷனுக்குக் கொண்டுவந்து, விளிம்பை விட்டு நிறத்தின் நடுப்பகுதியைத் தொட்டால் போதும். அடுத்தடுத்துத் தொடும்போது ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருந்தால் இந்தக் காரணம்தான்.

பச்சைத் திரையில் கறுப்பு வரும் கதை வேறு. லண்டன் கம்ப்யூட்டர் ஃபிலிம் கம்பெனியில் உருவாகி, ஃபவுண்ட்ரி நிறுவனத்தின் வழியாக ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு வந்த கீலைட் என்ற எஃபெக்டில்தான் பலரும் கீயிங், அதாவது பச்சைத் திரையை நீக்கும் வேலை, செய்கிறார்கள். முதல் முறை பச்சையைத் தொட்டதுமே அது அந்தப் பச்சையை நீக்கிவிடுகிறது. இரண்டாம் முறை அதே இடத்தைத் தொடும்போது அங்கே பச்சை இல்லை, காம்பின் கறுப்புப் பின்னணி இருக்கிறது. ஐடிராப்பர் அதை உள்ளபடியே சொல்கிறது. கீலைட்டின் வியூ பட்டியலை ஃபைனல் ரிசல்ட்டிலிருந்து சோர்ஸுக்கு மாற்றினால் பச்சை மறுபடி தெரியும். எங்கே தொடுவது என்பதிலும் ஒரு கைப்பழக்கம் உண்டு. திரையின் மூலையில் கிடக்கும் இருண்ட பச்சையை விட்டுவிட்டு, நடிகரின் தலைமுடிக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சையை எடுப்பார்கள். நுணுக்கம் வேண்டியிருப்பது அங்கேதான்.

லேயர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும்போது கோளாறு இன்னும் நயமாக ஒளிந்துகொள்கிறது. 255, 0, 0 என்ற சிவப்பு லேயரை 50 சதவீத ஒபாசிட்டியில் வெள்ளைமேல் வைத்தால், திரையில் இருப்பது 255, 128, 128 என்ற ரோஜா நிறம். அதை ஐடிராப்பரால் எடுத்து, ஒபாசிட்டி 50 ஆகவே இருக்கும் இன்னொரு லேயருக்குக் கொடுத்தால், திரையில் ஏறக்குறைய 255, 191, 191 என்று இன்னும் வெளுத்து நிற்கும். இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று கலைஞர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இங்கே கைகொடுப்பது கலர் பிக்கரில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹியூ, சாச்சுரேஷன், பிரைட்னஸ் எண்கள். இவ்வகை அளவீட்டைக் கணினி வரைகலைக்கு 1978இல் முறைப்படுத்தித் தந்தவர் ஆல்வி ரே ஸ்மித். மேலே சொன்ன உதாரணத்தில் ஹியூ 0 என்பது மாறவே இல்லை, பிரைட்னஸும் 100தான். சாச்சுரேஷன் மட்டும் 100இலிருந்து 50, பிறகு 25 என்று பாதி பாதியாக இறங்கியிருக்கிறது. ஹியூ அசையாமல் சாச்சுரேஷன் மட்டும் சரிந்தால் வெள்ளை கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஒபாசிட்டியையும் பிளெண்டிங் மோடையும்தான் பார்க்க வேண்டும். கறுப்பு 16 என்றும் வெள்ளை 235 என்றும் வந்தால், வீடியோவுக்கான குறுகிய வரம்பும் கணினியின் முழு வரம்பும் எங்கோ மாறிப் படிக்கப்பட்டிருக்கின்றன.

255, 0, 0 என்ற சிவப்பு 234, 51, 35 என்று வந்தால்? அதுவும் பெயர் தெரிந்த கோளாறுதான். எஸ்ஆர்ஜிபி வண்ண வெளியின் முழுச் சிவப்பை, அதைவிட அகலமான டிஸ்ப்ளே பி3 வெளியில் எழுதினால் அந்த எண்கள் கிடைக்கும். புதிய மேக் திரைகள் பி3 வகையைச் சேர்ந்தவை. அவற்றிலிருந்து நேரடியாக நிறம் எடுக்கும்போது, கோப்பில் உள்ள எண்ணுக்குப் பதில் திரைக்காக மாற்றி எழுதப்பட்ட எண் வந்துவிடுகிறது. பிரவுசரைத் தொடாமல், படத்தையே புராஜெக்டுக்குள் இம்போர்ட் செய்து அங்கே தொடுவதுதான் இதற்கு மருந்து. புராஜெக்ட் செட்டிங்ஸில் வொர்க்கிங் ஸ்பேஸ் எது என்பதையும் வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

எண்ணெல்லாம் சரி, கண்ணுக்கு மட்டும் தப்பாகத் தெரிகிறது என்ற நிலையும் வரும். பாரிஸில் கோப்லின் நெசவாலையின் சாயப் பிரிவுக்கு 1824இல் இயக்குநராக வந்த மிஷேல் யூஜின் செவ்ரல், இதே சிக்கலைத்தான் எதிர்கொண்டார். கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் வேதியியலாளர், நூலைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்கள்தான் கறுப்பை மங்கச் செய்திருந்தன. அந்த ஆய்வை விரித்து 1839இல் அவர் வெளியிட்ட நூல் வண்ணக் கலைக்கே அடிப்படையாயிற்று. இன்றைக்கும் மஞ்சள் பின்னணியில் எடுத்த சாம்பலை நீலப் பின்னணியில் வைத்தால் அது வேறு சாம்பலாகத் தெரியும். இரவுநேர மஞ்சள் ஒளி அமைப்பை அணைக்க மறந்தாலும் இதே கதைதான். படம் மஞ்சளாகத் தெரியும், எண் மாறாது; அதை அணைத்தால் போதும். பக்கத்து நிறங்களால் வரும் மாற்றம் என்றால், கருவியை விட்டுவிட்டு, நிறத்தைக் கண்ணுக்கு ஏற்றபடி கையால் திருத்துவதே கலைஞனின் உரிமையும் கடமையும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் இரண்டாவது சாட்சியைக் கூப்பிடலாம். சாம்பிள்இமேஜ் என்ற எக்ஸ்பிரஷன், லேயரில் ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள நிறத்தைத் திரையை நம்பாமல் நேரடியாகக் கணக்கிட்டுத் தருகிறது. ஆரத்தை 0.5 என்று கொடுத்தால் ஒரு பிக்சல். எஃபெக்ட்டுக்கு முன்பா, பின்பா என்பதையும் நாமே சொல்லலாம். அதன் விடையும் ஐடிராப்பரின் விடையும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் கிராபிக்ஸ் டிரைவர், ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் என்ற பக்கம் போக வேண்டும். பிரிஃபரன்ஸை முழுதாக அழித்து ரீசெட் செய்வது கடைசி வழி. வருஷக்கணக்கில் அமைத்துவைத்த ஷார்ட்கட்டும் அமைப்புகளும் அதில் போய்விடக்கூடும் என்பதால், பேக்கப் எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒரு பழக்கத்தை முதல் வேலையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் நிறத்தை ஜேபெக் படத்திலிருந்து தொட்டு எடுக்காதீர்கள். அதன் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூகுள் நீலம் என்றால் 66, 133, 244. அந்த எண்ணை ஒரு நல் (null) லேயரில் கலர் கன்ட்ரோல் எஃபெக்டாகப் போட்டு, எல்லா லேயர்களையும் அதனோடு பிக்விப்பால் இணைத்துவிடுங்கள். நாளைக்கு கிளையன்ட் நிறத்தை மாற்றச் சொன்னால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.